அராவிய ஆணி

முப்பத்துமூன்று வருடமாக நான் ஒருவனைத் தேடிக்கொண்டிருந்தேன். சுட்டவனை அல்ல. சுட்டவன் சுடுவதற்கென்றே வந்தவன், அவனிடம் வேறென்ன எதிர்பார்க்கலாம்? என் வயிற்றெரிச்சல் முழுவதும் அந்த ரோந்துப் படகின் எஞ்சினைத் திருத்திக் கொடுத்தவன் மேல்தான்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு ஆவணி மாதம். போரில் பாதை அடைபட்டிருந்ததால் வன்னியிலிருந்து யாழ்ப்பாணம் போகக் கடல்நீரேரியைக் கடக்கவேண்டும். ஏரியில் கடற்படையின் ரோந்து. மறுநாள் நல்லூர்த் தேர். குண்டு விழுந்தாலும் தேர் பார்க்காமல் இருக்கமாட்டேன் என்று அம்மா அடம்பிடித்தார். அன்று காலை ஒரு மீனவர் வந்து, சிவப்புக் கோடு போட்ட ரோந்துப் படகு பழுதாகிவிட்டது, அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறார்கள் என்றார். "இண்டைக்கு அவங்கள் வரமாட்டாங்கள், துணிஞ்சு வெளிக்கிடுங்கோ" என்றார். அதை நம்பி, இருள் கவியும் மைமல் பொழுதில் வள்ளம் ஏறினோம். என் அண்ணன் குகநாதன் முன்னுக்கு இருந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினான்கு.

நடு ஏரியில் அதே சிவப்புக் கோட்டுப் படகு சத்தமில்லாமல் கிட்ட வந்து சுட்டது. முதல் வேட்டிலேயே அண்ணன் விழுந்தான். எங்கள் ஓட்டி வள்ளத்தின் எஞ்சினை முறுக்கிக்கொண்டு ஓட, அவர்களும் முறுக்கிக்கொண்டு விரட்டினார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் எல்லோரும் முடிந்திருப்போம். அப்போது அவர்களின் எஞ்சின் ஒரு கத்துக் கத்தியது. காதைக் கிழிக்கிற கத்து. ஆனால் படகு நகரவில்லை, நின்ற இடத்திலேயே நின்று கத்தியது. நாங்கள் கரை சேர்ந்தோம். நல்லூர்க் கந்தன்தான் நிறுத்தினான் என்று அம்மா இன்றுவரை வெள்ளிக்கிழமைகளில் விரதம் இருக்கிறார்.

கந்தனுக்கு விரதம், எஞ்சின் திருத்தியவனுக்குச் சாபம். அண்ணனின் திவசத்துக்குத் திவசம் அம்மா மண் அள்ளித் திட்டுவார். இங்கே சுவிசில், ஓஸ்டர்முண்டிகனில் எங்களுக்கு இருப்பது நாலாம் மாடி. அதனால் பல்கனிப் பூச்சாடியிலிருந்து ஒரு பிடி அள்ளி, "ஒரு பகலுக்குள்ள எஞ்சினைத் திருத்திக் குடுத்தவன்ர கை அழுகிப்போக" என்று கீழே வீசுவார். கீழ்வீட்டுச் சுவிஸ்காரி இரண்டு தடவை கடிதம் போட்டுவிட்டாள். நான் அம்மாவைத் தடுத்ததில்லை. என் பங்குக்கும் சேர்த்து வீசட்டும் என்றுதான் நின்றேன்.

போன நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அவன் என் பக்கத்துக் கதிரையில் வந்து உட்கார்ந்தான்.

நான் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பாளர். பதினேழு வருட வேலை. பெயர் கலாவதி என்று கழுத்தில் அட்டை தொங்கும். மேசைக்கு அந்தப் பக்கம் கேள்வி கேட்கும் அதிகாரி ஏபிஷர், ஐம்பது வயதுப் பெண், முகத்தில் ஒன்றும் காட்டாதவள். பக்கத்தில் தட்டச்சு செய்பவர். மூலையில் விண்ணப்பதாரருக்கு அரசு கொடுத்த இளம் சட்டத்தரணி. இவர்களில் ஒருவருக்கும் ஒரு சொல் தமிழ் தெரியாது. அங்கே தமிழுக்கு இருந்த ஒரே கதவு நான்தான்.

எங்கள் வேலையில் ஒரு ஒழுங்கு உண்டு. விண்ணப்பதாரர் "நான்" என்றால், நானும் ஜெர்மனில் "நான்" என்றுதான் சொல்லவேண்டும். எனக்காக ஏதும் சொல்வதானால் "மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்" என்று மூன்றாம் ஆள் மாதிரிச் சொல்லவேண்டும். பதினேழு வருடத்தில் நான் எத்தனையோ பேராகச் சிறையில் இருந்திருக்கிறேன், எத்தனையோ பேராகப் பிள்ளையைப் பறிகொடுத்திருக்கிறேன். வீட்டுக்குப் போய்க் குளித்தால் போய்விடும்.

அவன் பெயர் விஜிதரன். ஐம்பத்தைந்து வயது, நரைத்த மீசை. நகக் கண்களில் கறுப்பு, எத்தனை சோப்புப் போட்டாலும் போகாத எண்ணெய்க் கறுப்பு. என்னைக் கண்டதும், "தமிழ்ப் பிள்ளையோ? அப்ப பயமில்லை" என்று சிரித்தான்.

"தொண்ணூற்றொண்டில மீன்பிடிக்கப் போன இடத்தில நேவியிட்ட பிடிபட்டனான். எஞ்சின் வேலை தெரியும் எண்டதால சுடாமல் கப்பலுக்குக் கொண்டுபோனவங்கள்."

"என்ன கப்பல்?" என்று ஏபிஷர் கேட்டாள்.

"ஏரி கடலோட சேருற இடத்தில நங்கூரம் போட்டு நிண்ட பழைய கப்பல். டீசல், துவக்கு ரவைப் பெட்டி, அரிசி, மா, படகுக் காத்தாடி எல்லாம் அதிலதான் இருக்கும். ரோந்துப் படகுகள் விடிய வந்து அதோட ஒட்டிக்கொண்டு நிக்கும். சாமான் ஏத்தும், பழுது இருந்தால் நாங்கள் திருத்துவம். பின்னேரம் திரும்ப ஏரிக்குள்ள போகும். தாய்க்கப்பல் எண்டுதான் நாங்கள் சொல்லுறது."

தாயாம். ஆனாலும் ஒழுங்காக மொழிபெயர்த்தேன்.

அந்தக் கப்பலில் நடந்தவற்றில் முக்கியமான ஒன்றைச் சொல்லச் சொன்னாள் ஏபிஷர். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தொண்ணூற்றிரண்டு, ஆவணி. அடுத்த நாள் நல்லூர்த் தேர், நான் விரதம், அதால நல்லா நினைவிருக்கு. விடியச் சிவப்புக் கோட்டுப் படகைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தவங்கள். பின்னேரத்துக்கிடையில ஓடவேணும் எண்டு துவக்கை நீட்டிக்கொண்டு நிண்டாங்கள். திருத்திக் குடுத்தன்."

ஏபிஷர் என்னைப் பார்த்தாள். நான் ஜெர்மனில் சொன்னேன்: "நான் அந்த எஞ்சினைத் திருத்தினேன்."

என் வாயால், என் குரலில். என் அண்ணனைக் கொன்ற எஞ்சினை நான் திருத்தினேனாம்.

அந்த இடத்தில் நான் எழுந்து, மொழிபெயர்ப்பாளருக்கு இந்த வழக்கில் தனிப்பட்ட தொடர்பு இருக்கிறது என்று சொல்லியிருக்கவேண்டும். விதி அதுதான். நான் எழவில்லை. முப்பத்துமூன்று வருடம் தேடியவன் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறான். எழுந்து போக எனக்கென்ன பைத்தியமா? ஏதோ ஒன்று வரும், அப்போது பார்த்துக்கொள்கிறேன் என்று இருந்தேன். வந்தது.

காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்காக விஜிதரன் போன வருடம் அந்தக் கப்பல் பற்றி வாக்குமூலம் கொடுத்தானாம். அதற்குப் பிறகு கடற்படை ஆட்கள் ஊரில் வீடு தேடி வருகிறார்களாம். ஏபிஷர் பேனையைக் கீழே வைத்தாள். "கடற்படைக்கு நன்றாக வேலை செய்து கொடுத்த உங்களை அவர்கள் ஏன் தேடவேண்டும்?"

வழக்கு முழுவதும் அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது. அது எனக்குத் தெரியும், சட்டத்தரணிக்கும் தெரியும்.

"நான் அந்த எஞ்சினை வேணுமெண்டு பழுதாத்தான் விட்டனான்," என்றான் விஜிதரன். "அதைக் கண்டுபிடிச்சு, எட்டு மாசம் கப்பலின்ர அடித்தட்டில கட்டி வச்சு அடிச்சவங்கள். அடிச்ச பெரியவன்ர பேரைத்தான் நான் போன வருசம் சொன்னனான்."

பொய், என்று எனக்குள் ஒன்று கத்தியது. இங்கே வருகிற எல்லோரும் வீரர்கள்தான். பழுதாக்கியிருந்தால் அது எப்படி நடு ஏரி வரை வந்தது? என் அண்ணன் எப்படிச் செத்தான்? நான் ஏபிஷரைப் பார்த்துத் தெளிவான ஜெர்மனில் சொன்னேன்: "ஏன் தேடுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகும் எட்டு மாதம் நான் அந்தக் கப்பலில் இருந்தேன்."

தட்டச்சு நடந்தது. சட்டத்தரணி முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டான். விஜிதரன் பெரிய பாரம் இறங்கியதுபோல எனக்குத் தலையாட்டி நன்றி சொன்னான்.

மதிய இடைவேளையில் முட்டைச் சாண்ட்விச் ஒன்றை முழுவதாகச் சாப்பிட்டேன். நல்ல பசி. அம்மாவிடம் என்ன சொல்லலாம் என்று யோசித்தேன். கை அழுகத் தேவையில்லை அம்மா, அவனுடைய வாயையே பிடுங்கி எறிந்துவிட்டேன். இனி மண் வீசவேண்டாம். சந்தோசமாக இருந்தது, அதை ஏன் மறைக்கவேண்டும்?

பின்னேரம் கடைசிக் கட்டம். எழுதிய பதிவு முழுவதையும் மொழிபெயர்ப்பாளர் திரும்பத் தமிழில் வாசித்துக் காட்டவேண்டும். விண்ணப்பதாரர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வைப்பார். பிழை பிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. ஆனால் போகும்போதும் வரும்போதும் கதவு ஒன்றுதான். அந்தப் பதில் வந்த பக்கத்தில் ஜெர்மனில் இல்லாததை நான் தமிழில் வாசித்தேன்: "நான் அந்த எஞ்சினை வேண்டுமென்று பழுதாக்கினேன். அதைக் கண்டுபிடித்து என்னை எட்டு மாதம் அடித்தார்கள்." அவன் பேனையை எடுத்தான். எடுத்தவன் கையெழுத்து வைக்கவில்லை.

"தங்கச்சி, பழுதாக்கினதெண்டு மட்டுமோ போட்டிருக்கு? எப்பிடி எண்டு இல்லையே. அதைச் சொல்லாட்டில் ஆர் நம்புவினம்?"

பழுதைச் சொன்னால் விபரத்தையும் சொல்லாமல் விடமாட்டாத மெக்கானிக் புத்தி. பதிவின் விளிம்பிலேயே எஞ்சின் தண்டையும், அதன் முனையில் படகைத் தள்ளும் காற்றாடியையும் படமாகக் கீறினான்.

"காத்தாடியைத் தண்டோட பிடிச்சு வச்சிருக்கிறது இந்தச் சின்ன ஆணிதான். நான் என்ன செய்தனான் எண்டால், அதை அரத்தால பாதி அராவிப்போட்டுத் திருப்பிப் போட்டனான். பெட்டியில கிடந்த மற்ற ஆணிகளையும் எடுத்துக் கடலுக்க எறிஞ்சனான். மெல்லமாப் போனால் ஆணி தாங்கும். முறுக்கினால் டக்கெண்டு உடையும். உடைஞ்சால் எஞ்சின் சும்மா சுத்தும். காது கிழியக் கத்தும், ஆனால் படகு ஒரு முழம் நகராது."

கையிலிருந்த மற்றப் பக்கங்களை நான் மேசையில் வைத்தேன்.

"கப்பலால வெளிக்கிடேக்கையே முறுக்கிக்கொண்டுதான் போறவங்கள். அங்கையே உடைஞ்சிடும் எண்டு நினைச்சன். அண்டைக்கெண்டு பதுங்கிப் போனாங்கள். சனத்தைச் சுட்டுப்போட்டு, துரத்தேக்கதான் முறுக்கினவங்களாம். ஒரு வள்ளம் தப்பினதெண்டு கேள்விப்பட்டனான். எனக்குச் சரியாத் தெரியாது, பிள்ளை."

அந்தக் கத்தலைப் பற்றி நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. அம்மாகூட அதைக் கந்தன் என்றுதான் சொல்வார், எஞ்சின் கத்தியது என்று சொல்லமாட்டார். ஏரியில் நின்றவர்களுக்கும் அந்த ஆணியை அராவியவனுக்கும் மட்டுமே தெரிந்த சத்தம் அது.

"அவர் என்ன சொல்கிறார்?" ஏபிஷர் கேட்டாள்.

இதை இப்போது அவருடைய புதுக் கூற்றாகச் சேர்க்கலாம். விளிம்பில் எழுதிக்கொள்வார்கள். பிறகு தீர்ப்பில் ஒரு வரி வரும்: காலையில் நேரடியாகக் கேட்டபோது சொல்லாததைக் கடைசி நேரத்தில் சேர்த்தார், நம்பமுடியாது. இப்படி எத்தனை பேருக்குத் தீர்ப்பு வந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். சேர்த்தாலும் அவர் அழிந்தார், சேர்க்காவிட்டாலும் அழிந்தார். காலையில் நான் அவ்வளவு நேர்த்தியாக வேலை பார்த்திருந்தேன். அவரைக் காப்பாற்ற ஒரே வழி, அழிந்துபோவது நானாக இருப்பது.

பேசாமல் இருந்துவிடலாம் என்று நினைத்தேன். உண்மையைச் சொல்கிறேன், நினைத்தேன். ஏனென்றால் ஆணியை அராவியிருந்தாலும் என் அண்ணன் செத்தான்தானே? அந்தக் கோபம் ஒரு இம்மியும் குறையவில்லை. ஆனால் அந்தக் கோபத்தை வைத்துக்கொண்டு இருப்பதற்கு நான் உயிரோடு இருப்பதே அந்த ஆணியால்தான்.

"மொழிபெயர்ப்பாளர் சொல்கிறார்," என்று தொடங்கினேன். என் ஜெர்மன் எனக்கே வேறு ஆளுடையதுபோல் கேட்டது. "மொழிபெயர்ப்பாளர் காலையில் விண்ணப்பதாரரின் பதிலை வேண்டுமென்று மாற்றிச் சொன்னார். இல்லை. நான். நான் மாற்றினேன். அவர் காலையிலேயே எல்லாம் சொல்லிவிட்டார்."

தட்டச்சு நின்றது. ஏபிஷரின் முகத்தில் முதல் தடவையாக ஏதோ அசைந்தது. அவர் காலையில் சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன், ஏன் மறைத்தேன் என்பதையும் சொன்னேன். சட்டத்தரணி எழுந்து நின்றே எழுதிக்கொண்டான். விசாரணை செல்லாது, வேறு மொழிபெயர்ப்பாளருடன் முழுவதும் புதிதாக நடக்கும், உங்கள் அட்டையைக் கீழே ஒப்படைத்துவிட்டுப் போங்கள், மேற்கொண்டு கடிதம் வரும் என்றாள் ஏபிஷர். பிறகு, வேறு ஆள் இல்லாததால், அதையெல்லாம் விண்ணப்பதாரருக்குத் தமிழில் விளக்கும்படி என்னிடமே கேட்டாள்.

விஜிதரன் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்ன தங்கச்சி, நான் ஏதும் பிழையாச் சொல்லிப்போட்டனோ?"

"நீங்கள் சரியாத்தான் சொன்னனீங்கள். நான்தான் உங்களைக் கவிழ்க்கப் பாத்தனான். திரும்ப விசாரிப்பினம், வேற ஆளை வச்சு. இப்ப சொன்னதை அப்பிடியே சொல்லுங்கோ. ஆணியைக் கீறியும் காட்டுங்கோ."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் அட்டையைக் கழுத்திலிருந்து கழற்றினேன்.

"அந்த வள்ளம் தப்பினது. நாங்கள் பதினேழு பேர் கரைக்கு வந்தனாங்கள். என்ர அண்ணை வரேல்லை. துரத்த முதலே வெடி பட்டிட்டுது."

அவர் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன், கேட்டால் முகத்தில் அறைவதுபோல ஏதும் சொல்ல வாயில் ஆயத்தமாக வைத்திருந்தேன். அவர் கேட்கவில்லை. மேசையில் கிடந்த தன் படத்தை இழுத்து, அந்தச் சின்ன ஆணியின் மேல் நகத்தை வைத்து, முன்னும் பின்னும் மெதுவாகத் தேய்த்தார்.

"இன்னும் ரெண்டு இழுவை அராவியிருக்கவேணும், பிள்ளை," என்றார். "கை நடுங்கிப்போச்சு."