எதிர்க்கரை விளக்கு

கங்காதரன் பொத்தானை அமுக்கிக்கொண்டே இருந்தான். பெட்டி ஒவ்வொரு முறையும் கோழிக்குஞ்சு மாதிரி கூவிவிட்டு அடங்கியது. பக்கத்தில் கஸ்தூரியம்மாள் நின்றிருந்தாள். அவள் புருஷன் பூபதி விடியலில் கட்டுமரத்தில் கடலுக்குப் போனவன். காற்று முறைத்ததும் மற்ற மரங்கள் கரையேறிவிட்டன, அவனுடையது வரவில்லை. ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தில் அலை பனை உயரம் எழும்பிக்கொண்டிருந்தது. அதைத் தாண்ட எங்கள் தோணிமேட்டுக் குப்பத்து மரங்களால் ஆகாது. டவுனிலிருந்து மீட்பு எஞ்சின் படகு, அதாவது லாஞ்சு, வந்தால்தான் உண்டு. லாஞ்சைக் கூப்பிட எங்களுக்கு இருந்தது இந்த வயர்லெஸ் பெட்டி ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஏரிக்கரைக் குப்பங்களுக்கு இதைக் கொடுத்தார்கள். முதலில் அது மனுஷக்குரலை மட்டும்தான் சுமந்தது. அதைக் கெடுத்தது நாங்களும் எதிர்க்கரை முள்ளித்திட்டுக்காரர்களும். ஏரியில் எந்த நாள் எந்த ஊர் எங்கே வலை போடுவது என்கிற முறைக்குப் பாடு என்று பெயர். அந்தத் தகராறில் இரண்டு ஊருக்கும் பேச்சு அற்றது, பெண் கொடுப்பது நின்றது, கடைசியில் அந்தக் கரை நாய் குரைத்தால் இந்தக் கரை நாய் வாயைத் திறக்காது என்றானது. அவர்கள் எங்கள் பெயரில் பேசிப் பொய்யாக லாஞ்சை வரவழைத்தார்கள். நாங்கள் அவர்கள் பெயரில் பேசி, தலைவர் சிங்காரம் காலமாகிவிட்டதாகச் சொல்லி, டவுனிலிருந்து சாவு மாலையே வரவழைத்தோம்.

அப்புறம்தான் லாஞ்சை அனுப்பும் டவுன் கண்ட்ரோல் ரூம்காரர்கள் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நகத்தளவு சில்லு ஒன்றைச் சொருகினார்கள். பொத்தானை அமுக்கினால் பெட்டி தன் ஊர்ப்பேரைத் தானே கூவும். கண்ட்ரோல் ரூம் சுவரில் அந்த ஊருக்கு நேரே விளக்கு எரியும். தினமும் காலையில் எல்லாம் சுகம் என்று ஒரு முறை கூவிவிட வேண்டும். இனி வாய் சொல்வது செல்லாது, விளக்கு சொல்வதுதான் செல்லும் என்றார்கள்.

"கண்ட்ரோல், தோணிமேட்டுலேர்ந்து பேசறேன் சார். லாஞ்சு இன்னும் வரல சார்."

"யோவ், எரியறது முள்ளித்திட்டு. நீ மொதல்ல கூவுனதுமே லாஞ்சு அங்க போச்சு. ஆளு யாரும் காணாம போவலன்னு தலைவரே சொல்லி அனுப்பிட்டாரு. மறுபடியும் இன்னா?"

"நாங்க தோணிமேடு சார்."

"தோணிமேடு காலையிலயே எல்லாம் சுகம்னு கூவிடுச்சி. உங்க பாடு தகராறுல எங்கள இழுக்காத."

கஸ்தூரியம்மாள் பேசுகுழலைப் பிடுங்கினாள். "நைனா, நான் பூபதி பொண்டாட்டி. என் கொரலு கேக்குதா?"

"கேக்குதும்மா. வெளக்குதான் வேற."

கங்காதரன் பேட்டரியை மாற்றினான். மண்ணில் அடித்திருந்த எர்த் கம்பியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினான். பனைமரத்தில் ஆளை ஏற்றி ஏரியல் கம்பியை நிமிர்த்தினான். எதிலும் பழுதில்லை. பெட்டி நன்றாக இருந்தது. அதுதான் கோளாறு.

எங்கள் ஊர் உப்புக்காற்றைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆணியில் மாட்டிய என் சட்டை ஒரு நாள் அப்படியே சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது, ஆணியைக் காணோம். அந்தக் காற்றுக்குப் பெட்டி எம்மாத்திரம்? மழைக்காலத்தில் எங்களுடையதும் முள்ளித்திட்டினுடையதும் ஒரே வாரத்தில் படுத்துவிட்டன. டவுன் மெக்கானிக் ஞானதாஸ் இரண்டையும் ஒரே மேசையில் பிரித்துப் போட்டுச் சரிசெய்து கொடுத்தான்.

கங்காதரன் என்னைப் பார்த்தான். "மாமா, சில்லை மாத்திச் சொருவிட்டான். நாம கூவுனா அவனுங்க வெளக்கு. அவனுங்க கூவுனா நம்முது."

மழைக்காலத்திலிருந்து தினமும் அவர்களுடைய சுகத்தை நாங்களும் எங்களுடைய சுகத்தை அவர்களும் சொல்லி வந்திருக்கிறோம். சுகமாக இருக்கும்வரை எந்தச் சுகம் யாருடையது என்று எவன் பார்க்கிறான்?

"அப்ப நம்ம பேர்ல லாஞ்சு வரணும்னா?" என்றேன்.

"அவனுங்கதான் அமுக்கணும்."

நான் திரும்புவதற்குள் கஸ்தூரியம்மாள் தோணியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கழியை எடுத்து ஊன்றினேன்.

முள்ளித்திட்டில் சிங்காரம் கரையிலேயே நின்றிருந்தார். "இன்னாம்மா, செத்தவனுக்கு மால கொண்டாந்தியா?"

"உங்க பொட்டிய ஒருவாட்டி அமுக்கு தலைவரே. என் ஆளு கடல்ல கெடக்குது."

"எங்க பொட்டிய அமுக்குனா உன் ஆளு எப்டி வருவான்?"

நான் விளக்கினேன். கேட்கக் கேட்க அவர் முகம் இறங்கியது. "லாஞ்சுக்காரன் வந்து கேட்டான். எங்க ஊர்ல யாரும் காணாம போவலன்னேன். பொய்யா சொன்னேன்?"

இல்லை. அன்றைக்கு யாருமே பொய் சொல்லவில்லை. இரண்டு ஊர்ச் சரித்திரத்தில் அப்படி ஒரு நாளை நான் பார்த்ததே இல்லை. பார்த்த அந்த ஒரு நாளில்தான் பூபதி கடலில் கிடந்தான்.

உள்ளேயிருந்து அவர் பெண்சாதி இருசம்மாள் கத்தினாள். "பொத்தான அமுக்கறதுக்கும் பஞ்சாயத்து கூட்டுவியா? போய் அமுக்குய்யா."

சிங்காரம் அமுக்கினார். பெட்டி கூவியது.

"தோணிமேடு, சொல்லு," என்றது கண்ட்ரோல்.

சிங்காரம் பேசுகுழலை வாயிலிருந்து தள்ளிப் பிடித்தார். எங்கள் ஊர்ப்பேரை நாவால் தொடமாட்டேன் என்று எல்லையம்மன் முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தவர் அவர். கஸ்தூரியம்மாள் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாங்க... தோணிமேடு," என்றார். "எங்க ஆளு பூபதி கடல்ல மாட்டிகினான். லாஞ்சு அனுப்புங்க."

"இப்ப நீங்களா? சரி, டீசல் ஊத்திகினு வருவாங்க."

சொல்லி முடித்துவிட்டுத் துண்டால் வாயை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

டீசல் ஊற்றி லாஞ்சு தலைகாட்டும்போது நாங்கள் எங்கள் கரைக்குத் திரும்பியிருந்தோம், வெயில் சாய ஆரம்பித்திருந்தது. தோணிமேட்டுக் கரையில் எங்கள் சனம் மொத்தமும் சேலையையும் லுங்கியையும் அவிழ்க்காத குறையாக வீசி, இங்கே வா என்று கத்தியது. முள்ளித்திட்டுக் கரையில் சிங்காரமும் அவர் ஆட்களும் துண்டை வீசி, அங்கே போ என்று கத்தினார்கள். வா என்று வீசினாலும் போ என்று வீசினாலும் தூரத்திலிருந்து பார்க்க ஒன்றுதான். ஏற்கெனவே ஒரு தடவை ஏமாந்த லாஞ்சு நடு ஏரியில் வேகத்தைக் குறைத்தது. மூக்கை இந்தப் பக்கம் திருப்பியது, அந்தப் பக்கம் திருப்பியது, பிறகு எஞ்சின் மட்டும் துடிக்க அப்படியே நின்றது. கஸ்தூரியம்மாள் எந்தப் பக்கமும் கை வீசவில்லை. இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, முகத்துவாரத்தைப் பார்த்துக் கையை நீட்டியபடி, லாஞ்சை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.