முப்பது குப்பி

எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்த அன்று பங்குச் சாமியார் அதன் மேலும் தீர்த்தம் தெளித்தார். எனக்கு அந்தக் கம்ப்யூட்டரே பிடிக்கவில்லை, முகத்தைச் சுளித்தேன். ஒயருக்குள் தண்ணீர் போய்விடுமே என்று பயப்படுவதாக மதர் பிரிஜித்தா நினைத்துக்கொண்டார். ஒரத்தநாட்டிலிருந்து உள்ளே தள்ளி, வாய்க்கால் ஓரத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் சின்ன ஆஸ்பத்திரி அது. மதர்தான் நிர்வாகி. நான் ஜெரால்ட், மருந்தாளுநர். ஸ்டோர் சாவியும் என்னிடம்தான்.

ப்ரோக்ராம் எழுதித் தந்தவன் ஜெனித், எங்கள் பங்கைச் சேர்ந்தவன். தஞ்சாவூரில் என்ஜினியரிங் முடித்துவிட்டு அமெரிக்க விசாவுக்காகக் காத்திருந்தான். காத்திருக்கிற நேரத்தில் புண்ணியமாகப் போகட்டும் என்று இதைச் செய்தான். ஒரு சனிக்கிழமை என் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கினான்.

"அண்ணே, நீங்க பர்ச்சேஸ் ஆர்டர் அடிச்சா அது ஒரு டேபிள்ல, அதாவது ஒரு பட்டியல்ல, போய் உக்காந்துக்கும். சாயங்காலம் கவுண்டர் மூடுறப்ப ஒரு குவெரி, அதாவது ஒரு கட்டளை, தானா ஓடும். ஆர்டர் டேபிள்ல இருக்கறத எல்லாம் எடுத்து ஸ்டாக் டேபிள்ல சேத்துடும். நீங்க ரெண்டாவது தடவ அடிக்கவே வேணாம்."

"சரக்கு வந்துச்சா இல்லையான்னு அதுக்கு எப்படிப்பா தெரியும்?"

"மதர்கிட்ட கேட்டேன்ணே. இங்க ஆர்டர் போட்டு வராம இருந்ததே இல்லன்னாங்க."

மதர் சொன்னதில் பொய் இல்லை. ஏன் வராமல் இருந்ததில்லை என்பதுதான் அவருக்குத் தெரியாது. ஏஜென்சிக்காரர்கள் எங்களைப் போன்ற குட்டி ஆஸ்பத்திரிக்கு அவசரப்பட்டு எதையும் அனுப்பமாட்டார்கள். அதனால் இந்தப் பக்கத்து மருந்துக்கடைக்காரர்கள் செய்வதையே நானும் செய்துவந்தேன். ஒரே சரக்குக்கு மூன்று ஏஜென்சிக்கும் ஆர்டர் போடுவேன். யாருடைய பெட்டி முதலில் பஸ்ஸில் வந்து இறங்குகிறதோ அதை எடுத்துக்கொண்டு, மற்ற இரண்டு பேரையும் ஃபோனில் கூப்பிட்டு "வேணாம்ங்க, கிடைச்சிடுச்சு" என்பேன். அவர்கள் கோபித்துக்கொள்வதில்லை. அவர்கள் கம்பெனியிடம் வாங்குவதும் அப்படித்தான்.

கம்ப்யூட்டருக்கு ஃபோன் பேச்சு எப்படிக் கேட்கும்? இதை ஜெனித்திடம் சொன்னபோது அவன் தலையில் கைவைத்துக்கொண்டான். "சரக்கு வந்த தேதின்னு ஒரு கட்டம் வச்சு, அது நிரம்புனாத்தான் ஸ்டாக்ல ஏறணும். அடுத்த வாரம் மாத்திடறேண்ணே" என்றான். அடுத்த வாரம் அவனுக்கு விசா வந்துவிட்டது. பூந்தி கொடுத்து அனுப்பிவைத்தோம்.

பாராசிட்டமாலும் இருமல் மருந்தும் திரையில் மூன்று மடங்காகத் தெரிந்தபோது நாங்கள் சிரிக்கத்தான் செய்தோம். சம்பா நடவுக்குத் தண்ணீர் வந்த சமயத்தில்தான் சிரிப்பு நின்றது. அந்த வருஷம் பாம்புக்கடி மருந்துக்குத் தட்டுப்பாடு. வழக்கம்போல மூன்று ஏஜென்சிக்கும் தலைக்குப் பத்துக் குப்பி ஆர்டர் போட்டேன். ஒருவரும் அனுப்பவில்லை. ஆனால் சாயங்காலம் குவெரி ஓடியது. திரையில் முப்பது குப்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. இருப்பு பத்துக்குக் கீழே இறங்கினால்தான் அந்தப் ப்ரோக்ராம் புது ஆர்டர் போடவிடும். ஏறிய இருப்பைக் கையால் குறைக்க ஜெனித் வழி வைக்கவில்லை. கம்ப்யூட்டரில் அடித்த ஆர்டர் தாள் இல்லாமல் ஏஜென்சிக்காரர்களும் இப்போது பெட்டியைக் கட்டுவதில்லை. மருந்து திருச்சிக்கு வந்து இறங்கியதும், "சார், பழைய ஆர்டர் ரத்தாகிடுச்சு, புதுசா அனுப்புங்க, எடுத்து வைக்கிறேன்" என்று ஏஜென்சி பையனே ஃபோன் செய்தான். அனுப்ப முடியவில்லை.

மதர் கெட்டவர் இல்லை. என்னோடு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குப் பணம் தரும் டிரஸ்ட் ஆபீசுக்கு எழுதினார். கணக்கில் முப்பது குப்பி இருக்கிறது, அதை எங்கே வைத்தீர்கள் என்று முதலில் தேடுங்கள் என்று பதில் வந்தது. ஜெனித்துக்கு மெயில் அனுப்பினோம். "வேலை கழுத்தை நெரிக்குது அண்ணே, இந்த வாரக் கடைசியில் பார்க்கிறேன்" என்று பதில் போட்டான். பாவம், அவன் நிலைமை அங்கே என்னவோ.

தஞ்சாவூரில் தெரிந்த கடைக்காரர் ஒருவரிடம் கெஞ்சி இரண்டு குப்பி வாங்கிவந்து ஃப்ரிட்ஜில் வைத்தேன். 'பாம்புக்கடி மருந்து இல்லை, தஞ்சாவூருக்கு அனுப்பவும்' என்று பெரிய எழுத்தில் எழுதி, அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டினேன். எங்கள் டாக்டருக்கு விஷயம் தெரியும். அந்தத் தாளே தேவையில்லை என்றுகூட நினைத்தேன்.

டாக்டர் லீவில் போனார். மாற்றாக வந்த டாக்டர் சுடர்விழி முதல் நாள் வேலைக்கு வந்தார். அதே நாள் டிரஸ்ட்காரர்கள் பார்வையிட வருகிறார்கள் என்று விடியற்காலையிலேயே சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். தாள் சுண்ணாம்போடு போய்விட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

முற்பகலில் அம்சம் என்ற பெண்ணைக் கொண்டுவந்தார்கள். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தபோது நாற்றுக் கட்டுக்குள்ளிருந்து நல்ல பாம்பு கையில் போட்டுவிட்டது. டிவிஎஸ் வண்டியில் நடுவே உட்காரவைத்துப் பிடித்துக்கொண்டு வந்தவர் அவள் புருஷன் இராஜாங்கம். முழங்கால்வரை சேறு. அவருடைய அப்பா காலத்தில் கூலிக்கு நட்ட நிலத்தில் இரண்டு மா வாங்கி, முதல் முறையாகச் சொந்தமாக நடுகிறார்கள்.

அம்சத்துக்கு அப்போது பேச்சு தெளிவாகவே இருந்தது. வாசலில் தஞ்சாவூர் பஸ் நின்றுகொண்டிருந்தது.

"டாக்டரம்மா, தஞ்சாவூருக்கே கொண்டுபோயிடட்டுங்களா? வண்டி நிக்குது" என்று கேட்டார் இராஜாங்கம்.

சுடர்விழி திரையைப் பார்த்தார். பொறுப்பான டாக்டர்தான், பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "வேணாங்க. மருந்து இங்கயே நிறைய இருக்கு. அலையவிடாதீங்க."

பஸ் போய்விட்டது. சோதனை செய்து, ரத்தம் எடுத்து, காத்திருந்து பார்த்தார்கள். கண் இமை தொங்கத் தொடங்கியதும் டாக்டர் அங்கிருந்தே பத்துக் குப்பி என்று அடித்தார். என் பக்கத்து ப்ரிண்டர் சீட்டைத் துப்பியது. படித்தேன். ஃப்ரிட்ஜில் இருந்த இரண்டையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"மேடம், ரெண்டுதான் இருக்கு."

"முப்பதுன்னு காட்டுதே?"

"காட்டும் மேடம். ஆனா இல்ல."

அவர் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். இரண்டையும் ஏற்றினார். அம்சத்துக்கு மூச்சு திணறியது. ஆஸ்பத்திரி ஜீப்பில் படுக்கவைத்து, டாக்டரே கூட உட்கார்ந்து பையை அமுக்கிக் காற்றுக் கொடுத்துக்கொண்டே போனார். இராஜாங்கத்தை முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏற்றினார்கள். நர்ஸ் அவர் கையில் ஆஸ்பத்திரி கோப்போடு அந்தச் சீட்டையும் சேர்த்துத் திணித்தாள். தஞ்சாவூர் போய்ச் சேருவதற்குள் அம்சம் போய்விட்டாள்.

மறுநாளே மருந்து வந்தது. டிரஸ்ட் ஆபீசிலிருந்து ஒரே ஒரு ஃபோன், ஆர்டர் தாள்கூடக் கேட்கவில்லை. பெட்டியைப் பிரித்து நான்தான் ஃப்ரிட்ஜில் அடுக்கினேன். மதர் சிற்றாலயத்தை விட்டு வெளியே வரவில்லை. சுடர்விழி அதற்குப் பிறகு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வரவேயில்லை.

காரியமெல்லாம் முடிந்து இராஜாங்கம் வந்தார். கவுண்டருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உண்மையைக் கேட்கத்தான் வந்திருக்கிறார், சொல்லிவிடுவது, அவர் அடித்தால் வாங்கிக்கொள்வது என்று தீர்மானித்து எழுந்து போனேன். அவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்தார்.

"தம்பி, இதுல பத்து மருந்து போட்டிருக்குன்னு எம்மவ படிச்சுச் சொன்னா. சரிதானுங்களே?"

நான் சீட்டைப் பார்த்தேன். பத்து என்றுதான் இருந்தது.

"ஊர்ல எல்லாரும், நேரா தஞ்சாவூருக்குக் கொண்டுபோயிருக்கலாம்லன்னு கேக்கறாங்க. பஸ்ஸு கண்ணு முன்னாடி நின்னுச்சு தம்பி. நாந்தான் விட்டுட்டேன். ராத்திரி கண்ண மூட முடியல. இந்தச் சீட்ட மக படிச்சப்புறந்தான் கொஞ்சம் மனசு ஆறுச்சு. அங்க போயிருந்தாலும் இதே பத்துதானே போட்டிருப்பாங்க?"

சொல்ல வேண்டிய வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் அந்த மனுஷனுக்கு மறுபடியும் அந்த பஸ் வந்து நிற்கும், ஒவ்வொரு ராத்திரியும் நிற்கும். சொல்லாவிட்டால் நான் என்ன மனுஷன் என்று எனக்கே தெரியவில்லை.

"ஆமாங்க" என்றேன். "இதேதான் போட்டிருப்பாங்க."

அவர் தலையை ஆட்டினார். போவதற்குத் திரும்பியவர் நின்றார்.

"வேர்வையில மை மங்கிப்போச்சு தம்பி. அழியாம இன்னொண்ணு அடிச்சுத் தர முடியுங்களா?"

நான் உள்ளே போய் அம்சத்தின் பெயரை அடித்தேன். புது ஆர்டருக்கு அவ்வளவு மல்லுக்கட்டிய கம்ப்யூட்டர் இதற்கு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பத்துக் குப்பி என்று பளிச்சென்று வந்தது. கிழித்து, மடிக்காமல், இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தேன்.