மை குடிக்காத பிரிண்டர்

அண்ணியின் முகத்தில் கரி பூசுவது என்று முடிவு செய்த மறுநாள் நான் பிரிண்டர் வாங்கப் போனேன்.

கோபம் வந்தால் பாத்திரத்தை உடைப்பவர்கள் உண்டு, அம்மா வீட்டுக்குக் கிளம்பிப் போகிறவர்கள் உண்டு. நான் பாத்திரத்தை உடைத்தால் நானேதான் பெருக்க வேண்டும். அதனால் யோசித்துத்தான் கோபப்படுவேன். விஷயம் இதுதான். எங்கள் வீட்டு முன்னறையில் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். புத்தகக் கடையில் விற்கும் பயிற்சித்தாள் எதுவும் எனக்குப் பிடிக்காது. நானே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து ஷீட் தயார் செய்வேன். மேலே ஒரு கணக்கைப் போட்டுக் காட்டியிருப்பேன், கீழே பயிற்சி, கடைசியில் ஒரு கட்டத்துக்குள் விடைகள். மூலையில் நான் வரைந்த குண்டுப் பூனை ஒன்று உட்கார்ந்து பிள்ளைகளைக் கிண்டல் செய்யும். பிள்ளைகள் அதைப் பூனை ஷீட் என்பார்கள். என்னைப் பூனை டீச்சர் என்பார்கள்.

இதையெல்லாம் பிரிண்ட் எடுப்பது தெருமுனையில் என் அண்ணன் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடையில். ஃபைலை ஃபோனில் அனுப்பிவிட்டால் சாயங்காலம் கட்டுக் கட்டாக எடுத்து வைத்திருப்பான். வருஷக்கணக்காக இப்படித்தான். என் உழைப்பு மொத்தமும் அவன் கம்ப்யூட்டரில் குந்தியிருக்கிறதே என்று ஒருநாளும் தோன்றியதில்லை. கூடப் பிறந்தவன் ஆயிற்றே.

பிறகு அண்ணி கடைக்குப் பின்னால் உள்ள அறையில் டியூஷன் ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. என்னிடம் சும்மா கிடந்த கரும்பலகையைக்கூட நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். அந்தப் புண்ணியத்துக்குத்தான் என் பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள். கட்டணம் குறைவு, கடைக்குப் பக்கம், எதுவாகவும் இருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அப்படிப் போனவர்களில் ஒருத்தி, எங்கள் தெரு நர்ஸம்மாவின் மகள், மறந்துவிட்டுப் போன தண்ணீர் பாட்டிலை எடுத்துப்போக ஒருநாள் வந்தாள். கையில் இருந்த ஃபைலில் இருந்து ஒரு தாள் எட்டிப் பார்த்தது. அதில் என் பூனை. மேலே என் பெயர் இருந்த இடத்தில் அண்ணியின் பெயர்.

அன்றைக்கே கடைக்குப் போனேன்.

"அண்ணா, நான் அனுப்பற ஃபைலெல்லாம் உன் கம்ப்யூட்டர்ல அப்படியேதான் இருக்குமா?"

"இருக்கும். ஏன்மா?" அவன் தலையைத் தூக்கவில்லை. ஏதோ அடையாள அட்டையை லாமினேஷன் இயந்திரத்துக்குள் மிகுந்த அக்கறையோடு விட்டுக்கொண்டிருந்தான்.

"சும்மாதான். வீட்லயே ஒரு பிரிண்டர் வாங்கிடலாமான்னு பாக்கறேன்."

இப்போது தலை நிமிர்ந்தது. "அந்தத் தப்ப மட்டும் பண்ணிடாத. மெஷின் விலை ஒண்ணுமில்ல, இங்க்குக்குத்தான் சொத்த எழுதி வெக்கணும்."

உள்ளறையில் இருந்து அண்ணியின் குரல் வந்தது. "நம்ம கடை இருக்கும்போது உனக்கு எதுக்கு அந்தத் தலைவலி?" அந்த 'நம்ம' என்ற சொல்லில் தேன் சொட்டியது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு கிடங்கில் கணக்கு எழுதுகிறவர். சண்டை என்றால் அவருக்கு ஜுரம் வரும், கணக்கு என்றால் ஜுரம் போகும். "நேரா போய் கேட்டுட வேண்டியதுதானே?" என்றார்.

"கேட்டா என்ன சொல்லுவாங்க? ஒரே குடும்பம், இதுல என்ன உன்னுது என்னுதுன்னு சொல்லுவாங்க. கடைசில நான்தான் அல்பம்னு ஆகும்."

"அதுக்காக பிரிண்டரா?"

"ஆமா. இங்க் குடிக்காத பிரிண்டரா பாத்து வாங்கணும். நீங்களும் வாங்க, கணக்குப் போடணும்."

எலக்ட்ரானிக்ஸ் கடையில் கழுத்தில் டை கட்டிய விற்பனையாளர் ஒருவர் எதிர்கொண்டு வரவேற்றார். "வீட்டு யூஸுக்கா மேடம், ஆபீஸ் யூஸுக்கா?" வஞ்சத்துக்கு என்று தனி அலமாரி இருந்தால் நேராக அங்கே போயிருப்பேன். வீட்டுக்கு என்றேன். வாசல் பக்கமே பெரிய சலுகை அட்டை தொங்கிய ஒரு இயந்திரத்தைக் காட்டினார். சின்னதாக, வெள்ளையாக, விலையும் மனதுக்கு இதமாக இருந்தது. கை அதன் மேல் போய்விட்டது.

"இதுக்கு இங்க் என்ன விலை?" என்றார் என் வீட்டுக்காரர்.

விற்பனையாளரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. கறுப்புக் கார்ட்ரிட்ஜும் கலர் கார்ட்ரிட்ஜும் சேர்த்தால் கிட்டத்தட்ட இயந்திரத்தின் விலைக்கே வந்தது. பெட்டியோடு வருவதில் மை முழுசாக இருக்காதாம். கலர் கார்ட்ரிட்ஜுக்குள் மூன்று நிறம் இருக்கிறது, அதில் ஒன்று தீர்ந்தாலும் மொத்தத்தையும் மாற்ற வேண்டுமாம்.

"மஞ்சள் தீந்துபோனா நீலமும் சிவப்பும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றேன்.

"அது அப்படித்தான் மேடம் செஞ்சிருக்காங்க."

அண்ணன் சொன்னது பொய்யில்லை. பாதி உண்மையைச் சொல்லியிருக்கிறான். மீதிப் பாதி அடுத்த அலமாரியில் இருந்தது. பக்கவாட்டில் நான்கு சின்னத் தொட்டிகள், நிறத்துக்கு ஒன்று. மை பாட்டிலில் தனியாகக் கிடைக்கிறது, எது தீர்கிறதோ அதை மட்டும் ஊற்றிக்கொள்ளலாம். ஆனால் இயந்திரத்தின் விலை முதலில் பார்த்ததைப் போல மூன்று மடங்கு. என் முகம் தொங்கியதைப் பார்த்து என் வீட்டுக்காரர் ஃபோனை எடுத்தார். பாட்டில் விலை, ஒரு பாட்டிலுக்கு எத்தனை பக்கம், தாள் விலை என்று கேட்டுக் கேட்டுத் தட்டினார். கம்பெனிக்காரன் சொல்லும் பக்கக் கணக்கை நம்பாமல் அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டார். தட்டத் தட்ட மனிதர் முகத்தில் களை கூடிக்கொண்டே போனது.

"ஒரு பக்கத்துக்கு உங்கண்ணன் வாங்கறதுல கால்வாசிகூட ஆகல. நீ அடிக்கற அளவுக்கு, பள்ளிக்கூட வருஷம் முடியறதுக்குள்ள மெஷின் காசு வந்துடும். மாசத்துக்கு நாலு பக்கம் அடிக்கறவங்களுக்கு இது தண்டம். உனக்குத் தண்டம் இல்ல."

தொடுதிரை வைத்தது, ஃபேக்ஸ் அனுப்புவது, ஃபோட்டோ ஓரம் விடாமல் அடிப்பது என்று விற்பனையாளர் விலையை ஏற்றப் பார்த்தார். எதுவும் வேண்டாம் என்றேன். என் வீட்டுக்காரர் மட்டும் விடாமல், மை தெளிக்கும் தலையை இயந்திரம் சுத்தம் செய்யும்போது வழியும் மையை உறிஞ்சும் பஞ்சு நிறைந்துவிட்டால் நாமே மாற்றலாமா, ரிப்பேர் என்றால் பக்கத்தில் ஆள் உண்டா என்று குடைந்தார். கடைசியில் அந்த விற்பனையாளரே மனமிரங்கி, "ரொம்ப நாள் சும்மா போட்டீங்கன்னா இங்க் காஞ்சு அடைச்சுக்கும் மேடம். அப்பப்ப ஒரு கலர் பக்கம் அடிச்சுடுங்க" என்றார்.

"சும்மா போடறதுக்கு வாங்கல" என்றேன்.

பெட்டியைப் போர்வையால் மூடி வீட்டுக்குள் கொண்டுவந்தோம். படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் வைத்தேன். முதல் பக்கம் வெளியே வந்தபோது என் பூனை முன்னெப்போதும் இல்லாத நிறத்தோடு வந்தது. மேலே என் பெயர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தோடு நிறுத்தியிருந்தால் நான் நல்லவள்.

அண்ணன் கடைக்கு ஃபைல் அனுப்புவதை நான் நிறுத்தவில்லை. அதுதான் திட்டமே. இப்போது எல்லாவற்றையும் இரண்டாகத் தயார் செய்தேன். சரியானது படுக்கையறையில் பிரிண்ட் ஆகி என் பிள்ளைகளிடம் போகும். மற்றது வழக்கம்போலக் கடைக்குப் போகும். அப்போது பின்னங்களைக் கூட்டும் பாடம் நடந்தது. கடைக்குப் போன ஷீட்டில், மேலே உள்ளதையும் மேலே உள்ளதையும் கூட்டு, கீழே உள்ளதையும் கீழே உள்ளதையும் கூட்டு என்று போட்டுக் காட்டினேன். அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு. விடைக் கட்டத்தையும் அதற்கேற்றபடி மாற்றினேன். அரை ரொட்டியோடு இன்னும் கொஞ்சம் ரொட்டியைச் சேர்த்தால் அரை ரொட்டியைவிடக் குறைந்துபோகும் அதிசயம், உலகத்திலேயே அண்ணியின் வகுப்பில் மட்டும்தான் நடக்கும்.

அண்ணி எதையும் போட்டுப் பார்க்க மாட்டாள். அது எனக்குத் தெரியும். விடைக் கட்டத்தை ஒரு கையால் மறைத்துக்கொண்டு, "இதுல போட்டிருக்கற மாதிரியே போடு" என்று சொல்வதுதான் அவள் பாடம் நடத்தும் லட்சணம். எவராவது ஒரு அப்பா அம்மா நோட்டைப் பார்த்துவிட்டு வந்து கேட்பார்கள். அப்போது அவளுக்கு இரண்டே வழி. தப்பு என்னுடையது என்றால் முட்டாள், என்னுடையது இல்லை என்றால் திருடி. எந்தப் பக்கம் ஓடினாலும் சுவர். இதை நினைத்து நினைத்துச் சிரித்தபடியே பாத்திரம் கழுவினேன்.

என் வீட்டுக்காரர் இரண்டு தாள்களையும் பார்த்தார். "பசங்க?" என்றார்.

"ஒரு வாரத்துல யாராவது கண்டுபிடிச்சுடுவாங்க. அப்பறம் எல்லாம் என்கிட்டயே வந்துடும். நான் சரி பண்ணிக்க மாட்டேனா?"

அவர் காய்ந்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார்.

ஒரு வாரத்தில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. பெற்றவர்களுக்கு அவரவர் வேலை. நானும் விடவில்லை. அடுத்த ஷீட், அதற்கடுத்த ஷீட், கழித்தலிலும் அதே வைத்தியம். அண்ணன் தரும் கட்டைக் காசு கொடுத்து வாங்கிவந்து கிழித்துப் போட்டேன். அதற்குள் பள்ளிக்கூடத்தில் பரீட்சை வந்து, விடைத்தாளும் வீட்டுக்கு வந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கடை வாசலில் பெற்றவர்கள் கூடியிருப்பது எங்கள் ஜன்னலில் இருந்தே தெரிந்தது. சரியான ஷீட் ஒன்றைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, உறை வாங்கப் போகிறவளைப் போலப் போனேன். வேலையில் இருந்து நேராக வந்திருந்த நர்ஸம்மா, சீருடையோடு கவுண்ட்டர் முன்னால் நின்றிருந்தார். பக்கத்தில் மகள். கண்ணாடி மேஜை மேல் பூனை ஷீட்டும் விடைத்தாளும் கிடந்தன. விடைத்தாள் பூராவும் சிவப்பு.

"உங்ககிட்ட படிக்கற நாலு பசங்களும் ஒரே மாதிரி தப்பு பண்ணியிருக்காங்க. நீங்க குடுத்த தாள்லயே அப்படித்தான் இருக்கு. இதுதான் நீங்க சொல்லிக் குடுக்கறதா?"

அண்ணிக்கு வியர்த்திருந்தது. கூட்டத்தில் என்னைப் பார்த்துவிட்டாள். "அது நான் போட்டதில்ல. அவ போட்டது. பூனையப் பாருங்க, அவளோட பூனை."

"அப்ப இத்தனை நாளா அவங்க ஷீட்டத்தான் உங்க பேரப் போட்டுக் குடுத்தீங்களா?" என்றார் பின்னால் இருந்த ஒரு அப்பா.

அண்ணி அழ ஆரம்பித்தாள். அண்ணன் லாமினேஷன் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் நினைத்தபடியே, ஒரு சொல்கூடப் பிசகாமல் நடந்தது. வயிறு குளிர்ந்தது என்று சொல்வார்களே, எனக்கு அன்றைக்குத்தான் அது என்னவென்று தெரிந்தது.

நர்ஸம்மா என் பக்கம் திரும்பினார். "அப்ப தப்பு உங்களுதா டீச்சர்?"

இந்தக் கேள்வி என் கணக்கில் இல்லை. ஆமாம், கவனிக்காமல் விட்டுவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அத்தோடு போயிருக்கும். ஆனால் அண்ணி கண்ணைத் துடைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதிரில் முட்டாளாக நிற்பதைவிடச் செத்துவிடலாம் என்றிருந்தது.

"என் ஷீட்ல தப்பே வராது" என்று சொல்லி, கைப்பையில் இருந்ததை எடுத்து மேஜை மேல் போட்டேன். "இதுதான் என் வகுப்புல குடுத்தது. பாருங்க."

நர்ஸம்மா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அதே பூனை, அதே கணக்குகள், அதே வரிசை. மேலே போட்டுக் காட்டிய கணக்கும் விடைகளும் மட்டும் வேறு. அவர் பார்வை இங்கும் அங்குமாகப் போய்வந்தது. அவர் எதைப் பார்க்கிறார் என்பது எனக்கு உறைப்பதற்குள் அவர் படித்து முடித்துவிட்டார்.

"இத உங்க பசங்களுக்குக் குடுத்தீங்க. அத இங்க அனுப்பினீங்க."

அண்ணன் முதல் முறையாகத் தலையைத் தூக்கினான். அண்ணியின் அழுகை நின்றது.

"அவங்க என் ஷீட்டத் திருடினாங்க" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"திருடினாங்க, சரி. என் பொண்ணு என்ன பண்ணா?"

அந்தப் பெண் அம்மாவின் சீருடையை விட்டுவிட்டு மேஜைக்குப் பக்கத்தில் வந்தாள். விடைத்தாளில் ஒரு இடத்தை விரலால் காட்டினாள். கோபம் இல்லை, புகாரும் இல்லை. கணக்கில் சந்தேகம் கேட்கும்போது எப்படிப் பேசுவாளோ அப்படித்தான் பேசினாள்.

"மொதல்ல நான் ஆறுல அஞ்சுன்னுதான் போட்டேன் டீச்சர். அப்பறம் பூனை ஷீட்ல வேற மாதிரி இருந்துச்சேன்னு ஞாபகம் வந்துச்சு. நீங்க தப்பா போட மாட்டீங்கன்னு நானே அழிச்சுட்டேன்."

சிவப்புக் கோட்டுக்கு அடியில், ரப்பர் தேய்த்துத் தாள் மெலிந்துபோன இடத்தில், அந்த ஆறில் ஐந்து இன்னும் மங்கலாகத் தெரிந்தது. என் வகுப்பில் இருந்தபோது அவளுக்கு அதைச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான்.