அம்மா சொன்னது

வணக்கம். எல்லாரும் சௌக்கியம்தானே? முழங்கால் வலிக்காரர்கள் உட்கார்ந்தே படியுங்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, வயிறுதான் எரிகிறது. எங்கள் கான்யார் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னால்தான் அடங்கும்.

எதிர்வீட்டு ஸோய்லாவுக்கு இரண்டு பெண்கள். மூத்தவள் நூபே சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்தபோது, அவளைத் தூங்கவைக்க ஸோய்லா தானாகவே ஒரு கதை கட்டினாள். இருமல் வந்த மலைக்கழுகுக்கு ஒரு நொண்டி நாய் கஷாயம் கொண்டுபோகும் கதை. அந்த நாய் வேறெதுவும் இல்லை, அவள் வீட்டு நாய் பின்த்தோதான்.

ஒருநாள் அந்தப் பள்ளிக்கூடத்துப் பெரால்த்தா வாத்தியார் ஸோய்லா வீட்டுக்கு வந்தார். அவித்த சோளமும் பன்றி வறுவலும் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கதையைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டு போனார். பிறகு புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர். ஸோய்லாவின் பெயரை உள்ளே தேடித் தேடிப் பார்த்தோம், இல்லை. அனுமதியில்லாமல் நகலெடுத்தால் குற்றம் என்று மட்டும் முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது.

இந்த வருஷம் நூபேக்குக் கடைசி வகுப்பு. கொடி நாளன்று படிப்பில் முதலாக வரும் மாணவிதான் தேசியக் கொடி பிடிப்பாள். அது அவள்தான் என்று தெரு முழுக்கத் தெரியும். வகுப்பில் ஒருநாள், வீட்டில் கேட்ட கதை ஒன்றை எழுதச் சொன்னார்கள். கழுகுக் கதையை எழுதி, கீழே 'அம்மா சொன்னது' என்று போட்டாள். புத்தகத்திலிருந்து திருடிவிட்டாள் என்று ஸோய்லாவைக் கூப்பிட்டனுப்பினார்கள். துணைக்கு நானும் போனேன்.

"காப்பியடிச்ச பொண்ணு கையில கொடியை எப்படிம்மா குடுக்கிறது?" என்றாள் தலைமையாசிரியை ஒஃபேலியா.

"அம்மா சொன்னதுன்னு எழுதியிருக்கேனே, மிஸ்" என்றாள் அங்கே நின்றிருந்த நூபே.

பெரால்த்தா சிரித்தார். "எல்லா அம்மாவும்தான் கதை சொல்றாங்க, கண்ணு. அச்சுல வந்தது என் புத்தகத்துலதானே?"

"அந்த நொண்டி நாய் யாருது, சார்?" என்றாள் ஸோய்லா. "எங்க வீட்டுல உங்க காலைக் கவ்வ வந்துச்சே, அதுதானே!"

"கதையெல்லாம் ஊர்ச் சொத்தும்மா."

எனக்குப் பொறுக்கவில்லை. "ஊர்ச் சொத்துக்கு அட்டையில உங்க பேரு எதுக்கு சார்?"

"வெளியாளுங்க பேசக் கூடாது" என்று என்னை அடக்கிவிட்டு, ஒஃபேலியா தாளை நூபேயிடம் நீட்டினாள். "சாரோட பேரை ஆதாரமாப் போட்டுடு. விஷயம் இத்தோட முடிஞ்சிரும்."

நூபே பேனாவைத் தொடவில்லை. "மாட்டேம்மா. கொடி வேணாம்."

"எழுதுடி" என்றாள் ஸோய்லா. "எத்தனை வருஷம் கண்ணு முழிச்சுப் படிச்சே! இவங்களுக்காகவா விடப்போறே? எழுது."

நூபே 'அம்மா சொன்னது' என்பதை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதினாள்.

கொடி நாளன்று நிமிர்ந்து நடந்தாள். மேடையில் பெரால்த்தா தன் புத்தகத்தையே கையெழுத்திட்டுப் பரிசாகக் கொடுத்தார். எல்லாரும் கைதட்டினார்கள்.

சாயங்காலம் சின்னவள் ஸோய்லாவின் மடியில் ஏறி, கழுகுக் கதை சொல்லச் சொன்னாள்.

"புத்தகத்துல இருக்கு, போய்ப் படி" என்றாள் ஸோய்லா.

உங்கள் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இப்படி நடந்திருக்கிறதா? எனக்கு எழுதுங்கள். யார் சொன்னது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.