முதல்ல உன் வாயைக் காட்டு

"ஆட்டுக்கு மருந்து வாங்கணும்னுதானே கூட்டிக்கிட்டு வந்தே?"

"மருந்தும் வாங்கலாம் அக்கா, ஆனா முதல்ல..."

"முதல்லயும் இல்ல, அப்புறமும் இல்ல. வண்டியைத் திருப்புடா ரோலி."

"மாட்டேன். ஒரு வாரமா ரொட்டியைச் சூப்பில ஊறப்போட்டு முழுங்கறே. கறித்துண்டையெல்லாம் நாய்க்குப் போடறே. நம்ம ஆட்டுக்கறி!"

"என் கறி, என் நாய். உனக்கென்ன?"

ரோலி இறங்கிக் கதவை அறைந்து சாத்தினான். வண்டியின் பின்தட்டில் தூங்கிக்கொண்டிருந்த நாய் கிப் கண்ணைக்கூடத் திறக்கவில்லை.

கிளெனிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வில்காரா ஊர் மண்டபத்தின் பக்கத்தில், யூக்கலிப்டஸ் நிழலில், ஊர் ஊராகப் போய்ப் பல் வைத்தியம் பார்க்கும் வண்டி வெள்ளையாக நின்றது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வரும். இன்று சாயங்காலம் கிளம்பிவிடும். அதுவரை எப்படியாவது பொழுதை ஓட்டிவிடலாம் என்று பார்த்தால், கூடப் பிறந்தவனே பிடித்துக்கொடுக்கிறான்.

கீழ்வரிசை முன்பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. வலியை அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் இரண்டு விரலை வாயில் வைத்து அவள் ஊதும் விசில் அந்தப் பல்லின் மேல்தான் ஏறி வெளியே போகும். அந்த விசிலுக்குப் பழகிய நாய் கிப். ரோலி விசிலடித்தால் திரும்பிக்கூடப் பார்க்காது. அவ்வளவு விசுவாசம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். பல் போனால் விசில் போச்சு. விசில் போனால் கிப்புக்கு வேலை போச்சு. 'அதுக்கு வயசாச்சு அக்கா, ஒரு குட்டி நாய் வாங்கலாம்' என்று ரோலி போன வருஷமே ஆரம்பித்துவிட்டான்.

வாயைத் திறந்து காட்டினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியாததல்ல. கிடாக்களை மந்தையில் விடுவதற்கு முன் ஒவ்வொரு பெட்டையின் உதட்டையும் கட்டைவிரலால் தூக்கிப் பார்ப்பவளே அவள்தான். பல் உடைந்திருந்தால் முதுகில் நீலச் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு விழுந்தது கசாப்பு லாரியில் ஏறும்.

"நீ போறியா, இல்ல நான் அந்த டாக்டரம்மாவை இங்கே கூட்டிக்கிட்டு வரட்டுமா?" என்றான் ரோலி. "ஊரே பாக்கும்."

போனாள்.

உள்ளே இருந்த டாக்டர் லோசா, அகலமான தோளும் கனத்த குரலுமாக, சமோவாத் தீவுக்காரப் பெண். "வாங்கம்மா, உக்காருங்க."

"நின்னுக்கறேன்."

"நின்னுக்கிட்டே பல்லு பாக்கறது கஷ்டமாச்சே."

"வருஷா வருஷம் நான் நின்னுக்கிட்டுத்தான் பாக்கறேன். ஆடும் நிக்கும்."

லோசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்பாகத்தான் பட்டது கிளெனிஸுக்கு. ஆனாலும் இந்த வாய்க்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் எப்படி நம்புவது?

"முதல்ல உன் வாயைக் காட்டு" என்றாள்.

லோசா ஒரு நொடி யோசித்தாள். ஒரு ஜோடி கையுறையை எடுத்து நீட்டிவிட்டு, தானே அந்த நாற்காலியில் சாய்ந்து, முகமூடியைக் கழற்றி வாயைத் திறந்தாள்.

கிளெனிஸ் பழக்கதோஷத்தில் கட்டைவிரலால் உதட்டைத் தூக்கினாள். "ம்ம். கீழ்வரிசை ஜோர். மேலயும் இருக்கு உனக்கு. ஆட்டுக்கு மேல முன்பல்லே கிடையாது, தெரியுமா?"

"அப்புறம் புல்லை எப்படிக் கடிக்கும்?"

"பேசாதே, ஆட்டாதே. ஈறு தடிச்சுப் பலகை மாதிரி இருக்கும். இதென்ன, பின்னாடி ஒரு சந்து?"

"சின்ன வயசுல பிடுங்கினது. பயத்துல டாக்டர் விரலைக் கடிச்சிட்டேன்."

"அவர் என்ன செஞ்சார்?"

"என்னைவிடச் சத்தமாக் கத்தினார்."

இரண்டு பேரும் இடம் மாறி உட்கார்ந்தபோது கிளெனிஸ் ஒன்று கேட்டாள்: "கண்ணாடி ஒண்ணு குடு. நீ பாக்கறதை நானும் பாக்கணும்."

"தாராளமா. இன்னொண்ணு, கையைத் தூக்கினீங்கன்னா நான் அங்கேயே நிறுத்திடுவேன். ஏன்னு கேக்க மாட்டேன்."

கண்ணாடி வந்தது. லோசா பல்லைத் தட்டிப் பார்க்கும் இரும்புக் குச்சியை வாய்ப் பக்கம் கொண்டுபோனாள். கிளெனிஸ் கையைத் தூக்கினாள், குச்சி நின்றது. இறக்கினாள், வந்தது. தூக்கினாள், நின்றது.

"கிப்பைவிட நல்லாக் கேக்கறியே!"

இத்தனை வருஷமாக ஆட்டு வாயையெல்லாம் பார்த்தவள், தன் வாயைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. குகை மாதிரி இருந்தது. "அந்த மஞ்சளா இருக்கே, அது என்ன?"

"கல்லு மாதிரி இறுகின அழுக்கு. பல்லைச் சுத்திக் கட்டியிருக்கு. இதை எடுத்தாகணும். ஆனா பல்லைப் பிடிச்சு வெச்சிருக்கறதே இதுதானோ என்னவோ. எடுத்ததும் ஆட்டம் ஜாஸ்தியானா, பக்கத்துப் பல்லோட மெல்லிசாக் கம்பி வெச்சு ஒட்டிடலாம்."

"வேலிக்கம்பம் சாய்ஞ்சா இழுத்துக் கட்டறோமே, அந்த மாதிரி."

"அதேதான்."

"கம்பி இருந்தா விசில் வருமா?"

"தெரியலம்மா" என்றாள் லோசா. "விசிலடிக்கிற வாய் எனக்கு இதுவரைக்கும் வந்ததில்ல. எனக்கும் தெரிஞ்சுக்கணும்."

சமாதானமாக ஏதாவது சொல்லியிருந்தால் கிளெனிஸ் எழுந்து போயிருப்பாள். தெரியல என்றதும் அவளுக்கும் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. வாயைத் திறந்தாள். ஊசி ஏறும்போது ஒரு தடவை கையைத் தூக்கினாள். அதன்பின் கண்ணாடியை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

வெளியே வந்தபோது கீழ் உதடு யாருடையதோ போலத் தொங்கியது. ரோலி ஓடிவந்தான். "பல்லு இருக்கா?"

உதட்டை இழுத்துக் காட்டினாள். பல்லுக்குப் பின்னால் கம்பி மின்னியது.

"மரத்துப்போனது தெளியட்டும், அப்புறமா ஊதிப் பாக்கலாம்" என்று வண்டிப் படியில் நின்று சொன்னாள் லோசா.

அதுவரைக்கும் யார் பொறுப்பது? கிப் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கிளெனிஸ் இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினாள். காற்றும் எச்சிலும்தான் வந்தன. சத்தம் துளிகூட இல்லை.

கிப் பின்தட்டிலிருந்து குதித்து, புழுதி கிளப்பிக்கொண்டு வந்து, எப்போதும்போல அவள் இடது காலடியில் படுத்தது.

"சத்தமே வரலையே அக்கா!" என்றான் ரோலி.

கிளெனிஸ் நாயின் தலைக்குப் பின்னால் இரண்டு கையையும் கொண்டுபோய்ப் பலமாக ஒரு தரம் கைதட்டினாள். அடுத்த தெருவில் ஒரு காக்கட்டூக் கிளி கத்திக்கொண்டு பறந்தது. கிப்பின் காதுமடல் அசையவில்லை.

அவள் மண்ணில் மண்டியிட்டு, அதன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எப்பலேர்ந்துடா நீ என் கையை மட்டும் பாத்துக்கிட்டு இருக்கே?"