அரைப் பை யூரியா

ரஜிதன் தகப்பனின் உள்ளங்கையை விரித்து, அதில் கொஞ்சம் யூரியாவை வைத்தான். கேட்டவரும் அவர்தான், ஐயாத்துரை. கஞ்சிகூட இறங்காமல் படுத்திருந்த மனிதர், விடிந்ததும் அதைத்தான் கேட்டார்.

பெருவிரலால் மணிகளை உருட்டிப் பார்த்தார்.

"தூள் கனக்கக் கிடக்கு. சட்டியின்ரை ஓட்டை அடைச்சிருக்கு. கழுவேல்லை."

"அது எந்த நாட்டுச் சாமானோ, அப்பா."

"எந்த நாடெண்டாலும் கழுவத்தானே வேணும்."

கட்டாரில் ஓர் உரத் தொழிற்சாலையின் கோபுர உச்சியில் நின்றே வயது போனவர் அவர். உருகிய யூரியா அங்கே, சுற்றிவர ஊசித்துளைகள் உள்ள சட்டியொன்றுக்குள் வந்துசேரும். சட்டி சுழலச் சுழல அது துளிகளாகச் சிதறிக் கோபுரத்துக்குள் விழும். கீழிருந்து காற்று மேலே வரும். தரையைத் தொடுவதற்குள் ஒவ்வொரு துளியும் வெள்ளை மணியாக இறுகியிருக்க வேண்டும். துளைகள் அடைபடாமல் சட்டியைக் கழற்றிக் கழுவி மாட்டுவது ஐயாத்துரையின் வேலை. அப்பா கோபுரத்தில் வேலை செய்கிறார் என்று ரஜிதன் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது, எந்தக் கோயில் என்று ரீச்சர் கேட்டார்.

பதுங்குகுழிக்குள் தாயும் அவனும் ஒடுங்கியிருந்த மாதங்களிலும் அவர் அந்த உச்சியில்தான் நின்றார். தன் தாயின் செத்தவீட்டுக்கும் வரமுடியவில்லை. அதைப்பற்றி அவர் ஒருநாளும் கதைத்ததில்லை. இவர் கண்ணை மூடும்போது பக்கத்தில் இருந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் ரஜிதனின் எண்ணம்.

ஆனால் அக்கராயன் குளத்து வாய்க்காலில் அவர்களுடைய தண்ணீர் முறை அன்று மாலையோடு முடிகிறது. பயிர் குடலைக்கு வந்துவிட்டது; கதிர் வெளிவருமுன், தண்ணீர் நிற்கும்போதே யூரியா எறிந்தாக வேண்டும்.

"போய் எறிஞ்சிட்டு வா."

"நாளைக்குப் பாப்பம் அப்பா."

"நாளைக்குத் தண்ணி ஆர் தருவினம்? உன்ரை மாமனோ?"

குசினி வாசலில் நின்ற தாய் இராசேஸ்வரி, "போட்டு வா தம்பி. நான் இருக்கிறன்தானே," என்றாள்.

"என்னவும் எண்டால் உடனை போன் அடியுங்கோ அம்மா."

போனைச் சேட்டுப் பையில் வைத்துக்கொண்டு போனான்.

யூரியா நிரப்பிய பேசினை இடுப்பில் அணைத்தபடி வயலுக்குள் இறங்கி எறிந்துகொண்டு போனான். பக்கத்து வயல் கிருபனுடையது. இவன் உரப்பசளை எறியும்போதெல்லாம் வரம்பில் நின்று, "டேய் மச்சான், கோழிக்குத் தீன் போடுறியோ?" என்று கேட்பது அவனுடைய வழக்கம்.

இரண்டாவது பையில் பாதி இருக்கும்போது நிமிர்ந்தான். வரம்பில் கிருபன் நின்றுகொண்டிருந்தான். மோட்டார்சைக்கிளைத் தூரத்திலேயே விட்டிருந்தான். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தான்.

"இன்னும் எவ்வளவு கிடக்கு?"

"அரைப் பை."

"ம்."

பகிடி வரவில்லை.

ரஜிதன் சேட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தான். போன் அடிக்கவில்லை. அம்மா அடிக்கவில்லை.

சாவு காதில் விழுந்த கணத்திலிருந்து துடக்கு, தீட்டு. கொள்ளி வைக்கிற மகன் அதன்பிறகு எட்டாம் நாள் எட்டுச் செலவு முடியும்வரை வயலில் கால் வைக்கமாட்டான். பிரேதம் வீட்டில் கிடக்கும்போது அயல்காரனும் இறங்கமாட்டான். அதற்குள் தண்ணீர் அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும். காதில் விழாதவரை ஒன்றுமில்லை. அம்மா போன் அடிக்காமல் ஆளை அனுப்பியது அதற்காகத்தான்.

கேட்டால் கிருபன் சொல்லிவிடுவான். கேட்டுவிட்டு ஓடலாம். ஆனால் எதற்குப் போய்ச் சேர வேண்டுமென்று நினைத்திருந்தானோ அது முடிந்துவிட்டது.

பேசினுக்குள் கையை விட்டான்.

அவசரப்படவில்லை. அவசரப்பட்டு எறிந்தால் பசளை திட்டுத்திட்டாக விழும். பயிர் ஓரிடம் கறுத்து ஓரிடம் வெளிறும். மணிகள் விரல்களிலிருந்து விசிறிப் பறந்து, சின்னச் சத்தத்தோடு தண்ணீரில் விழுந்தன. கிருபன் பையை இழுத்துவந்து வரம்போரமாக வைத்தான். பேசினை நிரப்பிக் கொடுத்தான். முகத்தைப் பார்க்கவில்லை.

"காத்தடிக்குது. குனிஞ்சு எறி."

"ஓம்."

பை காலியானது. ரஜிதன் அதை உதறி மடித்துக்கொண்டு வரம்பில் ஏறினான்.

"மச்சான்," என்றான் கிருபன்.

"பொறு."

வரம்பின் மூலையில் ஒரு நண்டு வளை. அதனூடாகத் தண்ணீர் அடுத்த வயலுக்குள் ஒழுகிக்கொண்டிருந்தது.

"எறிஞ்சதெல்லாம் உன்ரை வயலுக்குப் போகப்போகுது."

"அப்ப எனக்கு லாபம்தானே." கிருபன் வளையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

ரஜிதன் குந்தியிருந்து சேற்றை அள்ளி வளைக்குள் திணித்தான். ஒழுக்கு நிற்கவில்லை. கிருபனும் செருப்பை வைத்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான். இருவரும் மாறிமாறிச் சேறு வைத்து அமத்தினார்கள். ஒழுக்கு மெலிந்து, சொட்டுச் சொட்டாகி, நின்றது.

அதன்பிறகும் ரஜிதன் கையை எடுக்கவில்லை.