ரிஸ்மியா அக்காவின் நீலத் தட்டும் ஜூலியஸ் அண்ணையின் அட்டையும்

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. நாங்கள் புலம்பெயர்ந்து வந்த மிசிசாகாவில் ஒரு மண்டபம், 'ஊரிலிருந்து கொண்டுவந்தவை' என்று ஒரு கண்காட்சி. அங்கே ஓர் அட்டையை வாசித்துவிட்டு வந்து எழுதுகிறேன். பவ்வியமான நடை வேண்டுமென்றால் வேறு கதைக்குப் போங்கள்.

முதல் தொடக்கம்: 'நீலத் தட்டில் ஓர் ஆறு ஓடிக்கொண்டிருந்...' சீ, வேண்டாம்.

இரண்டாவது: சென் ஜேம்ஸ் ரவுணில் இருக்கும் ரிஸ்மியா அக்கா, இங்கேயே ரெக்ஸ்டேலில் யாரோ வீட்டு வாசலில் பழைய சாமான் விற்றபோது அந்தப் பெரிய தட்டை வாங்கினார். நோன்பு திறந்தபின் வீட்டார் சுற்றியிருந்து ஒன்றாகக் கைவைத்துச் சாப்பிட ஒரு சஹன் வேண்டியிருந்தது. அவ்வளவுதான். இது இருக்கட்டும்.

2

தட்டு இங்கிலாந்தில் செய்தது. படமோ அமெரிக்கா: ஆறு, நீராவிக் கப்பல், குடை பிடித்த துரைசானி.

(செப்புத் தகட்டில் வெட்டி, மெல்லிய தாளில் எடுத்து, தட்டில் ஒற்றிய படம். வெட்டியவன் அமெரிக்காவை எட்டியும் பார்த்திருக்க மாட்டான். அந்தக் கரையிலிருந்து துரத்தப்பட்ட பூர்வகுடிச் சனம் படத்தில் இல்லை. வாங்குகிறவர்களுக்குச் சாப்பாடு இறங்க வேண்டுமே!)

3

கண்காட்சியை நடத்துகிறவர் ஜூலியஸ் அண்ணை. (இவரைக் கெட்டவராக எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. அக்காவின் மகளுக்கு வேலை எடுத்துக்கொடுத்தவரே இவர்தான். அதனால்தான் இன்னும் எரிகிறது.) தட்டை இரவல் வாங்கிப்போய் இப்படி அட்டை எழுதினார்: '1990இல் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேறிய முஸ்லிம் குடும்பம் தலையில் சுமந்து வந்தது.'

வெளியேறியதாம்! சுற்றுலாவுக்கா?

அக்கா வாசித்தார். சத்தம் போடவில்லை.

"ஜூலியஸ் அண்ணை, எங்களை இயக்கம் துவக்கோட வந்து துரத்தினது. சந்தியில வச்சு என்ர காதுத் தோட்டைக்கூடக் கழட்டினவங்கள். இவ்வளவு பெரிய தட்டைக் கொண்டுபோக விட்டவங்களோ?"

"எனக்குத் தெரியாதே தங்கச்சி? ஆனா சனம் வாற இடம். பழசைக் கிளறினா மனம் நோகும்."

"ஆரின்ர மனம் அண்ணை?"

அவர் 'ரெக்ஸ்டேலில் வாங்கியது' என்று திருத்தலாம் என்றார். துரத்திய கதை மட்டும் அட்டையில் ஏறாதாம்.

4

முடிவு ஒன்று: அக்கா தட்டைப் போட்டு உடைக்கிறார். (என் ஆசை. போனில் வாசித்துக் காட்டினேன். "உனக்கென்ன விசரே தம்பி? நோன்புக்குச் சஹனுக்கு நான் எங்க போறது?" அந்த முடிவை வெட்டிவிட்டேன்.)

முடிவு இரண்டு: ஜூலியஸ் அண்ணை கண்கலங்கி மன்னிப்பு... இதை முடிக்கக் கை வரவில்லை.

நடந்தது இது. அக்கா தட்டைத் துணியில் சுற்றி எடுத்தார். ஜூலியஸ் அண்ணை பதறி மேசையை அகற்றப் போனார்.

"மேசை இருக்கட்டும் அண்ணை. ஊரிலயிருந்து நாங்கள் கொண்டுவந்தது உதுதான்" என்று அந்த வெறும் மேசையைக் காட்டிவிட்டு பஸ்ஸுக்குப் போனார்.

5

கண்காட்சி இன்னும் நடக்கிறது. அந்த மேசையில் ஒரு வெற்று அட்டையும் பேனையும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். அக்கா சொல்லிவிட்டார், நான் இங்கே எழுதிவிட்டேன். அட்டையில் எழுத வேண்டியவர், அவர்கள் துரத்தப்பட்டபோது ஊரில் இருந்த தமிழரான நீங்கள். அப்போது நான் சின்னப்பிள்ளை, எனக்கென்ன தெரியும் என்று சொல்ல வராதீர்கள். நானும் அப்போது சின்னப்பிள்ளைதான்.

பேனை எழுதும். எழுதிப் பார்த்துவிட்டுத்தான் வைத்தேன்.